சாகிற வேஷம்

1

இன்று காலை ரெஜ் ரெலிபோன் எடுத்தார். வேலைக்கு வெளிக்கிட்டு, ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் காலுறையுமாக நான் நின்ற நேரம். "நேதன், கிறிஸ்மஸ் வருகிறது. இந்த வருஷமும் நீதான் எங்கள் துருக்கிக்காரன். மகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா" என்றார். திருவிழாவுக்கு மேளகாரரைப் பேசி முடித்த தர்மகர்த்தா மாதிரி ஒரு நிச்சயம் அந்தக் குரலில். ரிசீவரை அடித்து வைத்தேன்.

"போன் என்ன பாவம் செய்தது?" என்று குசினிக்குள் இருந்து என் மனைவி யோகா கேட்டாள்.

"உன்ர வான்கோழிக் கறி செய்த பாவம்" என்றேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. விளங்கப்படுத்தத்தான் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் பனி கொட்டுவதைப் பற்றி எழுதுகிறார்கள். ஓக்லண்டில் பனி கொட்டுவதில்லை. பொய்க்குக் கொட்டவைக்க எனக்கு மனமும் இல்லை. எனக்கு எழுத இருப்பது கோபம் ஒன்றுதான். போன மார்கழியில் தொடங்கியது, இன்னும் ஆறவில்லை. என் பெயர் சிவநாதன். வந்த முதல் வருஷமே சிவனை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை நேதன் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கோபத்தை நான் எப்போதோ விழுங்கிவிட்டேன். இது வேறு.

2

நாங்கள் த்ரீ கிங்ஸில் வாடகைக்கு இருக்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் ரெஜின் வீடு. இளைப்பாறிய தச்சர். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். தேசிப்பழம் பழுத்தால் ஒரு பை கொண்டுவந்து வாசலில் வைப்பார். அவருடைய பேத்தி லீசாவும் என் மகள் சிந்துவும் ஒரே வகுப்பு.

ரெஜ் இங்கிலாந்தில் டோர்செட் என்ற மாவட்டத்தில், மாடும் சேறும் நிறைந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். இளவயதில் கப்பலேறி இங்கே வந்தவர். அவருடைய ஊரில் கிறிஸ்மஸ் காலத்தில் ஆண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, பழைய கோட்டில் துணிக் கிழிசலையும் கடுதாசியையும் வரிவரியாகத் தைத்துப் போட்டுக்கொண்டு, ஆள் அடையாளம் தெரியாமல் முகத்தில் கரி பூசிக்கொண்டு, வீடு வீடாகவும் தவறணை தவறணையாகவும் போய் ஒரு குட்டி நாடகம் ஆடுவார்களாம். அப்படி ஆடுகிறவர்களுக்கு மம்மர் என்று பெயர். தமிழில் மம்மர் என்றால் மயக்கம், துயரம். பள்ளிக்கூடத்தில் பழம்பாட்டுக்குப் பொருள் எழுதப் பாடமாக்கிய சொல். அன்றைக்கே எனக்குப் பொறிதட்டியிருக்க வேண்டும்.

நாடகத்தின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கிறிஸ்மஸ் தாத்தா வந்து சனத்தை விலகச் சொல்வார். ஜோர்ஜ் என்ற வீரன் வந்து தன் பிரதாபத்தை அளப்பான். துருக்கி தேசத்து வீரன் வந்து அவனோடு கொழுவுவான். இரண்டு பேரும் மரவாளால் டக்கு டக்கென்று அடிபடுவார்கள். துருக்கிக்காரன் விழுந்து சாவான். உடனே ஒரு டொக்டர் பையும் கையுமாக வருவார். தான் போகாத தேசமில்லை, தீர்க்காத வருத்தமில்லை என்று புளுகிவிட்டு, போத்தலில் இருந்து இரண்டு சொட்டு செத்தவனின் வாயில் விடுவார். செத்தவன் துள்ளி எழும்புவான். எல்லாரும் சேர்ந்து பாடி, தொப்பியை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள்.

எங்கள் கூத்திலும் ஒவ்வொருவனும் தான் இன்னார் என்று சொல்லிக்கொண்டுதான் சபைக்கு வருவான். அதுவரைக்கும் ஒன்றுதான். ஆனால் எங்கள் கூத்தில் செத்தவன் செத்தவன்தான். திரைக்குப் பின்னால் போய்த் தேத்தண்ணி குடிப்பான், சனத்துக்கு முன்னால் எழும்பமாட்டான்.

இந்த நாடகத்தை ரெஜும் அவருடைய சிநேகிதர்களும் கனகாலமாக ஓக்லண்டில் ஆடி வருகிறார்கள். இங்கே மார்கழி என்றால் மண்டையைப் பிளக்கிற வெயில். அவர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து வடிந்துகொண்டு உறைபனியையும் வாடைக்காற்றையும் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கோட்டையாவது கழற்றலாமே என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு சொல்லும் மாறக்கூடாது, ஒரு நூலும் மாறக்கூடாது. அதுதான் மரபு" என்றார் ரெஜ். சரி, இருக்கட்டும். ஆனால் சிந்து இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் அவளுடைய ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு, வீட்டில் உங்கள் பாஷையைக் கதைக்காதீர்கள், பிள்ளை பின்தங்கிப் போகும் என்று சொன்னா. நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். ரெஜிடம் யாராவது போய், ஐயா, நீர் இங்கே வந்து முப்பது வருஷமாகிறது, உம்முடைய டோர்செட்டை மறந்துவிடும் என்று சொல்லியிருப்பார்களா? அவர்கள் தங்கள் ஊரைத் தூக்கிக்கொண்டு வந்தால் மரபு. நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தால் பின்தங்கல்.

3

இனி வான்கோழிக்கு வருகிறேன்.

போன வருஷம் கார்த்திகையில் ஒருநாள் ரெஜ் வேலிக்கு மேலால் யோகாவிடம் கதைத்திருக்கிறார். வழக்கமாகத் துருக்கிக்காரன் வேஷம் போடுகிறவர் ஒஸ்ரேலியாவுக்குப் போய்விட்டாராம், இடம் காலியாம். அதைச் சொல்லியிருக்கிறார், அவளுக்குப் பிடிபடவில்லை. வீரனுக்கு அவர்கள் பாஷையில் நைற். இரவுக்கும் நைற். அவர்களுடைய நாடகத்தில் அந்த வீரனைத் துருக்கி வீரன் என்று ஒழுங்காகச் சொல்லாமல் டேர்க்கி நைற் என்றுதான் சொல்வார்கள். டேர்க்கி என்றால் துருக்கியும்தான், வான்கோழியும்தான். யோகா என்னிடம் வந்து என்ன சொன்னாள்?

"இஞ்சேருங்கோ, வாற சனிக்கிழமை சேர்ச் ஹோலில டேர்க்கி நைற்றாம். உங்களைக் கட்டாயம் வரட்டாம்."

"வான்கோழி விருந்தாக்கும்" என்றேன் நான், பெரிய அறிவாளி.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம், ஒரு கூட்டத்துக்குத் தட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொன்னதைக் கேட்டு, அதில் சாப்பாடும் இருக்கவேண்டும் என்று தெரியாமல், வெறும் தட்டோடு போய் நின்று வெட்கப்பட்டவர்கள் நாங்கள். அந்தப் பிழையைத் திரும்பவும் விடக்கூடாது என்று முடிவெடுத்தோம். ஷொப்பிங் சென்ரரில் ஐஸ்கட்டியாக இறுகின ஒரு வான்கோழி வாங்கினோம். அது குழந்தைப்பிள்ளை அளவு. எந்தச் சட்டிக்குள்ளும் அடங்கவில்லை. குளிக்கிற தொட்டிக்குள் போட்டு ஐஸ் உருகவிட்டோம். சிந்து குளிக்காமல் பள்ளிக்கூடம் போனாள். சனிக்கிழமை காலை தொடங்கி யோகா அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஊரில் இருந்து வந்த கறித்தூளைத் தாராளமாகப் போட்டு, இரண்டு பெரிய சட்டியில் பிரட்டல் கறி வைத்தாள். காருக்குள் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் போனோம்.

ஹோலுக்குள் விருந்தும் இல்லை, மேசையும் இல்லை. நாடக ஒத்திகைக்கு மரவாளோடு வெள்ளைக்காரர் ஏழு பேர் நின்றார்கள். நாங்கள் சட்டியோடு நின்றோம்.

ரெஜுக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு கென். கென் என்பவர் தண்ணிக்குழாய் பொருத்துகிறவர், நாடகத்தில் அவர்தான் டொக்டர். சிரித்துச் சிரித்து நிற்க ஏலாமல் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு பெரிய மனது பண்ணி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். மூக்காலும் கண்ணாலும் ஓடியது. யோகா கையில் அகப்பையோடு, நானும் சிரிக்கவேண்டுமோ என்று என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"இட்ஸ் ஒன்லி எ ஜோக், டாட்" என்றாள் சிந்து, திரும்பி வரும்போது காருக்குள்.

பகிடிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். துருக்கி வீரன் என்று சொல்லத் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வான்கோழி வீரன் மாதிரிச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் பிழையாகச் சொன்னால் அது மரபு. நாங்கள் பிழையாகக் கேட்டால் அது பகிடி.

4

அவ்வளவு நடந்தும் நான் ஏன் அடுத்த ஒத்திகைக்குப் போனேன் என்று கேட்பீர்கள். அந்தப் பையைப் பார்த்ததால் போனேன். கென் டொக்டர் வேஷத்துக்கு வைத்திருந்த கறுத்தத் தோல்பை. என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. அலுமாரிக்கு மேலே, தூசு பிடித்துப்போய்.

ஊரில் நான் அப்போதிக்கரி. உங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெரிய டொக்டர்மார் வர விரும்பாத கிராமத்து ஆஸ்பத்திரிகளில் இருந்து, பாம்புக்கடிக்கு மருந்து கொடுத்து, வெட்டுக்காயம் தைத்து, தலை திரும்பாத பிள்ளையை இழுத்தெடுத்து, சனம் டொக்டர் ஐயா என்று கூப்பிடக் கேட்டு வாழ்ந்தவன். அரசாங்கம் பிறகு உதவி வைத்திய அதிகாரி என்று பெயரை மாற்றியது. சனம் மாற்றவில்லை, என் பழைய அத்தாட்சிப் பத்திரமும் மாறவில்லை. அதில் இருப்பது அப்போதிக்கரிதான்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்டு இங்கே வந்து சேர்ந்த புதிதில், ஒரு அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் தொழிலைக் கேட்டாள். சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது குதிரையிலே வாளோடு திரிந்த காலத்துத் தொழில் அல்லவா? அட்டைப்பூச்சியும் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். சிந்து அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயது.

எங்களை ஆண்டபோது அந்தச் சொல்லை எங்களுக்குத் தந்ததே இந்த வெள்ளைக்காரர்தான். இவர்களே பாடத்திட்டம் போட்டு, இவர்களே சோதனை வைத்து, இவர்களே பட்டமும் கொடுத்துவிட்டு, இன்றைக்கு இவர்களே அது என்ன சொல் என்று எழுத்துக் கூட்டச் சொல்கிறார்கள். எத்தனையோ விண்ணப்பம் போட்டேன். பதில் எல்லாம் வருத்தத்துடன் தொடங்கி நன்றியுடன் முடிந்தது. இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வண்டியில் வைத்து எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தள்ளிக்கொண்டு வருகிறேன். அது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலைச் சட்டையோடு நான் காரை ஓட்டினால், சிந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னுக்கே இறங்கிக்கொள்கிறாள்.

எனக்கு இந்த நாட்டில் இருக்கிற பயம் ஒன்றுதான். இந்தப் பிள்ளை தன் தகப்பனை ஆர் என்று நினைத்து வளரப்போகிறது?

அதனால் ரெஜிடம் வாய்விட்டுக் கேட்டேன். "நான் டொக்டர் வேஷம் போடட்டுமா? ஊரில் என்னுடைய வேலையே அதுதான்." கேட்கும்போதே நாக்கூசியது. பொய் டொக்டர் வேஷத்துக்கு உண்மையானவன் விண்ணப்பம் போடுகிறேன்.

ரெஜ் என் தோளில் கைபோட்டார். "டொக்டர் எப்போதும் கென்தான், நேதன். அதை மாற்ற ஏலாது. நீ துருக்கிக்காரன். பார், எங்களுக்கெல்லாம் கரி பூசிக் கழுவ ஒரு மணித்தியாலம் போகும். உனக்கு அந்தக் கரைச்சல் இல்லை."

ஏதோ எனக்கு உதவி செய்கிற மாதிரிச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது. வேண்டுமென்று சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "உந்தக் கண்டறியாத நாடகத்துக்குப் போகாட்டி என்ன குறைஞ்சு போடும், விடுங்கோ" என்றாள் யோகா. சிந்துதான் விடவில்லை. நடிக்கப்போவதை லீசாவிடம் சொல்லிவிட்டாளாம், வகுப்பு முழுக்கத் தெரியுமாம், பார்க்க வரப்போகிறார்களாம். எல்லாம் இங்கிலீஷில். பிரச்சினை பண்ணாதேங்கோ டாட், ப்ளீஸ் என்றாள். தன் சிநேகிதப் பிள்ளைகள் நிற்கிற இடத்துக்கு அவள் என்னை வரச்சொன்னது அதுதான் முதல்தரம். நான் என்ன செய்ய? சரி, சாகிறேன் என்றேன்.

5

ஒன்றை இங்கே சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. அதே போன வருஷம், வைகாசியில், வடமராட்சியில் என் தம்பி குகன் ஷெல்லடியில் செத்துப்போனான். கோயிலில் அடைக்கலம் இருந்த சனத்துக்குத் தண்ணி கொண்டுபோன இடத்தில் துண்டு பட்டது. வயிற்றில். உடனே சாகவில்லையாம், பின்னேரம் வரைக்கும் கிடந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, பக்கத்தில் ஒரு அப்போதிக்கரிகூட இல்லை. லண்டனில் இருக்கிற மச்சான் ரெலிபோனில் சொன்னார்.

வயிற்றுக் காயத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஈரத்துணியால் எப்படி மூடுவது, காலை எப்படி மடக்கி வைப்பது, தண்ணி கேட்டால் ஏன் கொடுக்கக்கூடாது, எல்லாம் தெரியும். தெரிந்தவன் இங்கே ஆரோ ஒருவரின் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றேன். மச்சான் சொன்னதை நான் யோகாவுக்குச் சத்தம் போட்டுச் சொல்லி அழுதபோது, சிந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ரேடியோவைக் கூட்டி வைத்தாள். அவள் சித்தப்பாவின் முதுகில் ஏறித் திரிந்த பிள்ளை. இவளும் வெள்ளைக்காரியாகிவிட்டாள், போகட்டும் என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன்.

6

கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை, பக்குரங்காவில் பெரிய கடைத்தொகுதி. நடு மண்டபத்தில் சனம் பைகளோடு வட்டமாக நின்றது. ரெஜின் மனைவி யன்னல் சீலை ஒன்றை எனக்குத் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டா. இடுப்பில் சிவப்புத் துணி. சுற்றிவர ஏழு வெள்ளைக்காரர் கறுத்த முகத்தோடு நின்றார்கள். சொந்த முகத்தோடு நின்றவன் நான் மட்டும்தான். முன்வரிசையில் சிந்து, பக்கத்தில் லீசா, பின்னால் வகுப்புப் பிள்ளைகள். யோகா வரவில்லை. வாளி வாளியாகக் காசு கொடுத்தாலும் அந்த முகங்களில் முழிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

என் வசனம் சின்னது. சொன்னேன். ஜோர்ஜ் வேஷம் போட்ட ரெஜோடு அடிபட்டேன். விழுந்தேன். நிலம் சில்லென்று இருந்தது. கண்ணை மூடினேன். டொக்டர் வேண்டும், டொக்டர் வேண்டும் என்று கிறிஸ்மஸ் தாத்தா கத்தினார். கென் வந்தார். தான் போன தேசங்களின் பட்டியலைச் சொன்னார். பல்லுப் பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்து என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, ஒளித்து வைத்திருந்த மாட்டுப்பல்லைத் தூக்கிக் காட்டினார். சனம் சிரித்தது. அதுவரைக்கும் ஒத்திகையில் இருந்ததுதான்.

பிறகு என் சட்டைக்குள் கை விடுவது தெரிந்தது. ஈரமாக ஏதோ பட்டது. கண்ணை அரைவாசி திறந்து பார்த்தேன். கென் என் வயிற்றில் இருந்து சொசேஜை இழுத்துக்கொண்டிருந்தார். இறைச்சி அடைத்து, குடல் மாதிரி ஒன்றோடு ஒன்று கோர்த்த சொசேஜ். இழுக்க இழுக்க வந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒத்திகையில் இது இல்லை. ஒரு சொல்லும் ஒரு நூலும் மாறக்கூடாத மரபு கென்னின் சொசேஜுக்குக் குறுக்கே வரவில்லை.

கென்னுக்கு என் தம்பியைத் தெரியாது. அது எனக்கும் தெரியும். தெரியாதவன் தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம் என்று யோகா இன்றுவரை சொல்கிறாள். மன்னிப்பது அவளுடைய விருப்பம்.

போத்தலில் இருந்து இரண்டு சொட்டு என் உதட்டில் விழுந்தது. இஞ்சிச் சோடா. துள்ளி எழும்பவேண்டிய இடம். நான் எழும்பவில்லை.

இதை முன்கூட்டி யோசித்துச் செய்ததாக நினைக்கவேண்டாம். என்னால் ஏலாமல் போய்விட்டது. வயிற்றில் அடிபட்டவன், ஒரு போலி டொக்டர் இரண்டு சொட்டு விட்டவுடன் எழும்பி நின்று ஆடவேண்டும், அதற்கு இந்தச் சனம் கைதட்டவேண்டும். அங்கே பின்னேரம் வரைக்கும் கிடந்தவனுக்கு ஆர் சொட்டு விட்டது? நான் கிடந்தேன். கென் திரும்பவும் சொட்டு விட்டார், மூக்குக்குள் போனது. சனம் இன்னும் சிரித்தது. "நேதன், எழும்பு" என்று பல்லுக்குள் சொன்னார். ரெஜ் வாளால் என் காலில் தட்டினார். சிரிப்புக் குறைந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ ஒரு கடையில் கிறிஸ்மஸ் பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ரப்பர் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒரு சின்னக் கை என் வயிற்றில் கிடந்த சொசேஜை எடுத்துத் தூர எறிந்தது.

"அப்பா" என்றாள் சிந்து. டாட் என்று சொல்லவில்லை. "அப்பா, எழும்புங்கோ. நீங்கள் சித்தப்பா இல்லை."

வந்து நாலு வருஷத்தில் என்னோடு ஒரு முழு வசனம் தமிழில் கதைக்காத பிள்ளை. ரேடியோவைக் கூட்டி வைத்த பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருக்கிறாள்.

நான் எழும்பினேன். சனம் கூரை அதிரக் கைதட்டியது.

முடிந்தபிறகு ரெஜ் ஓடிவந்தார், வேர்வையில் கரி வழிந்துகொண்டிருந்தது. "நேதன், அற்புதம். டொக்டர் தோற்றுப்போக ஒரு சிறுபிள்ளை வந்து மந்திரம் சொல்லி எழுப்புவது. டோர்செட்டில்கூட இப்படி ஒன்று இல்லை. அவள் என்ன சொன்னாள்? அந்தச் சொற்களை எழுதித் தா. அடுத்த வருஷம் இதை அப்படியே வைப்போம்."

கோதாரியில் போவான் என்று தமிழில் திட்டினேன். தலைப்பாகையைக் கழற்றி அவருடைய காலடியில் போட்டேன்.

"இதுவும் மந்திரத்தில் வருமா?" என்று கேட்டார் மனிதர். உண்மையாகவே கேட்டார்.

7

இனி இன்று காலைக்கு வருகிறேன். ரிசீவரை அடித்து வைத்து, நான் மற்றச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்க, ரெலிபோன் திரும்ப அடித்தது. லைன் அறுந்துபோனது என்று நினைத்திருப்பார். அவர்களுக்கு எதுவும் தங்களால் அறுந்ததாகத் தோன்றாது. நான் எடுக்கப் போனேன். பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற சிந்து எனக்கு முந்தி எடுத்துவிட்டாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று.

அவள் இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"ரெஜ், இந்த வருஷம் டொக்டர் ஆர்?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னது. "கென்னா? கென் சாகட்டும். துருக்கிக்காரனாக" என்றாள். யோகா குசினியில் இருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அது மந்திரம் இல்லை. அது என்னுடைய சித்தப்பாவைப் பற்றி நான் அப்பாவுக்குச் சொன்னது. அதை நான் திரும்பச் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது" என்று ரெஜுக்குச் சொன்னாள் சிந்து.

மரபு என்ற சொல் ரிசீவருக்குள் இருந்து எனக்கே கேட்டது.

"என்னுடைய அப்பா அப்போதிக்கரி" என்றாள். அந்தப் பக்கம் விளங்கவில்லைப் போல. ரெஜுக்குக் காது கொஞ்சம் மந்தம். சிந்து பெருமூச்சு விடவில்லை, சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக எழுத்துக் கூட்டினாள். "ஏ, பி, ஓ, ரி, எச், ஈ, சி, ஏ, ஆர், வை." ஒரு எழுத்தும் பிசகவில்லை. அந்தச் சொல்லை நான் அவளுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்ததேயில்லை. ஒரே ஒருதரம், கண்ணாடிக்கு முன்னால், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறாள்.

"யோசித்துவிட்டு எடுங்கள்" என்று சொல்லி, ரிசீவரை என்னைப்போல அடிக்காமல் மெல்ல வைத்தாள்.

மற்றச் சப்பாத்தைத் தேடுகிற சாட்டில் முகத்தைக் குனிந்துகொண்டு கோபமாகவே கேட்டேன். "பிள்ளை, நான் திரும்பவும் உவங்கட நாடகத்துக்குப் போறன் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"நீங்கள் போகத் தேவையில்லை" என்றாள். தமிழில்தான். சொற்கள் கொஞ்சம் தட்டுப்பட்டுத்தான் வந்தன. "ஆனா அவர் உங்களை டொக்டரா வரச்சொல்லிக் கேக்கவேணும்."

பின்னேரம் வேலையால் வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெலிபோன் இன்னும் அடிக்கவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த என் தோல்பையைக் காணவில்லை என்று தேடினேன். சிந்து அதை இறக்கி, தூசு துடைத்து, ரெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.